ஒற்றைக் காது

மரப்பட்டறையில் சாயங்காலம் ஆறு மணி ஆனால் கடைசியாக ஒரு வேலை உண்டு. அறுப்பு மெஷினை நிறுத்தி, உளி சுத்தியலைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, ஆளுக்கு ஆள் காற்றடித்துக்கொள்வது. வார்னிஷ் தெளிப்பதற்கென்று மூலையில் ஒரு கம்ப்ரசர் இருக்கிறது. அதன் குழாயை எடுத்துத் தலை, முதுகு, சட்டைப்பை, கால்சட்டை மடிப்பு என்று ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சினால் நாள் முழுக்கப் படிந்த மரத்தூள் பறந்துவிடும். காதுக்குள் போன தூளுக்கும் அதே வைத்தியம்தான். ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரு நொடி அழுத்தினால் போதும், உள்ளே கூசும், அப்புறம் சரியாகிவிடும். உடம்பில் காற்றடிக்கக் கூடாது என்று முதலாளி ஓர் அட்டை எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். அந்த அட்டையில் படிந்த தூளையும் அதே குழாயால்தான் ஊதினார்கள்.

அந்தப் பட்டறையில் பதினான்கு வருஷமாக ஜன்னல் சட்டம் செய்துவருகிறவன்தான் இந்தத் தச்சன். வீடு மூன்று தெரு தள்ளி. முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், உள்ளறையில் படுக்கை, பின்னால் அடுப்படி. தையல் மெஷின் அவன் பெண்டாட்டியுடையது. தையல்காரி என்றால் அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, கிழிந்த கால்சட்டை எல்லாம் அவளிடம்தான் வரும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் ஆளைப் படுக்கையில் புரட்டி எடுத்தது. எழுந்து உட்கார்ந்தபோது இரண்டு காதும் சுத்தமாக இல்லை. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது, ஆனால் தன் குரல் தனக்குக் கேட்காததால் சில நாள் அடுப்படியிலிருந்து வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று அவள் சொன்னால் தெருக்கோடி வரைக்கும் தெரிந்துபோகும். எதிராளி வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அவளிடம் பேச வேண்டுமென்றால் வெளிச்சத்தில், நேருக்கு நேர் நின்று, வாயைத் திறந்து பேச வேண்டும். வாய்க்குள் முணுமுணுக்கிற வேலையெல்லாம் அவளிடம் நடக்காது.

அந்தக் காய்ச்சல் விட்ட மாசம்தான் சுருட்டை வந்து சேர்ந்தது. சுருட்டை என்பது நாய். வால் சுருண்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். காதெல்லாம் சொறி பிடித்து, ஈ மொய்க்க, வாசலில் வந்து விழுந்த தெருக்குட்டி. அவள்தான் கழுவிக் கழுவி மருந்து போட்டுத் தேற்றினாள். அதற்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. கதவு தட்டினால் இவள் எழுந்து போவதில்லை என்பதைத் தானாகவே கவனித்தது. முதலில் குரைத்துப் பார்த்தது. குரைத்தாலும் இவள் திரும்பவில்லை. ஒருநாள் வந்து மூக்கால் அவள் கெண்டைக்காலில் ஒரு முட்டு முட்டியது. அவள் எழுந்தாள். அவ்வளவுதான், அதற்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அன்று முதல் குக்கர் விசில், மூடாத குழாய், வாசலில் ஆள் என எல்லாவற்றுக்கும் ஒரு முட்டு, பிறகு முன்னால் ஓடி எது என்று காட்டுவது. கேட்கும்போது தலையை வலது பக்கம் சாய்த்து, இடது காதைத் தூக்கி, ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரி நிற்கும். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களின் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களும் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரிக்கும்.

பிறகு பிள்ளை உண்டானது. தச்சனுக்கு ஓர் அக்கா இருக்கிறாள். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, புருஷன் ரொட்டி அடுப்பு வைத்திருக்கிறார். மனசு நல்ல மனசு, வாய்தான் கொஞ்சம் நீளம். பிள்ளை பிறக்கும் முன்னாலேயே வந்து உட்கார்ந்து, காது கேட்காதவள் கைக்குழந்தையைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வாள், மூன்று வயது வரைக்கும் தன்னிடம் இருக்கட்டும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். தையல்காரி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பிள்ளைக்கு மூணு மாசமானபோது அக்கா சோதனை போட வந்தாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றுகொண்டு, பயல் அழ ஆரம்பித்ததும் தூக்காமல் எண்ண ஆரம்பித்தாள். அவள் எட்டு எண்ணுவதற்குள் சுருட்டை முன்னறைக்கு ஓடி முட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனை கத்தினால் வராது, பயல் தனக்குத்தானே ஆ ஊ என்று விளையாடினால் வராது. அழுதால் மட்டும்தான் வரும்.

அக்கா தம்பி பெண்டாட்டியின் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்:

"சரி. இதுக்குக் கேட்குற வரைக்கும் பிள்ளை உன்கிட்ட இருக்கட்டும்."

அந்த ஒரு சொல்லில்தான் அந்த வீடு ஐந்து மாசமாக நின்றுகொண்டிருந்தது.

அது விடாமல் மழை பெய்த மாசம். மரமெல்லாம் ஈரத்தில் ஊதிப்போய்ச் சட்டம் சட்டத்தில் உட்காரமாட்டேன் என்றது. வீட்டில் காயப்போட்ட பிள்ளைத் துணியெல்லாம் ஒரு வாடை. சுருட்டை தெருச் சேற்றில் புரண்டுவிட்டு வந்ததால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தையல்காரி அதைக் கொல்லைக் குழாயடியில் நிறுத்தி, தலை முதல் வால் வரைக்கும் சொம்பு சொம்பாக ஊற்றிக் குளிப்பாட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த தச்சனிடம், இது இப்படியே ஈரமாகத் திரிந்தால் தொட்டிலுக்குக் கீழே போய்ப் படுக்கும், பயலுக்குச் சளி பிடிக்கும், பட்டறையில் தூளுக்குள் படுக்கவைத்துக் காயவைத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். அவனும் கயிறு போட்டுக் கூட்டிக்கொண்டு போனான்.

போகும்போதே அது தலையை உதறிக்கொண்டு வந்தது. பட்டறையில் சாயங்காலம் வரைக்கும் பலகை அடுக்கின் நிழலில் படுத்திருந்தது, ஆனால் காயவில்லை. மழை நாளில் எது காயும். ஆறு மணிக்கு எல்லாரும் காற்றடித்துக்கொண்டபோது, வார்னிஷ் அடிக்கிறவன், எல்லாரும் வார்னிஷ் என்றே கூப்பிடுவார்கள், குழாயை நீட்டி, உன் தோழனுக்கும் ஒரு பிடி பிடி என்று சிரித்தான். தச்சன் மண்டியிட்டு உட்கார்ந்து முதுகு ரோமத்தில் அடித்தான். தண்ணீர் சிதறியது. சுருட்டைக்குப் பிடிக்கவில்லைதான். கம்ப்ரசர் போட்டாலே எழுந்து வெளியே போகிற நாய் அது. ஆனால் தன்னைப் பிடித்திருப்பது இவன் கை என்பதால் வாலை இடுக்கிக்கொண்டு நின்றது.

தலையை இன்னும் உதறிக்கொண்டிருக்கிறதே, காதில் தண்ணீர் தங்கியிருக்கும் என்று நினைத்தான். வலது காதை விரித்து ஒரு சாண் தள்ளி அடித்தான். பேசாமல் நின்றது. அட, சமர்த்து என்று தட்டிக் கொடுத்தான். அந்தத் தைரியத்தில் இடது காதை மடித்துப் பிடித்துக்கொண்டு, ஒட்டவே வைத்து அழுத்திவிட்டான்.

அது கத்திய கத்தலை அவன் எந்த நாயிடமும் கேட்டதில்லை. கையிலிருந்து திமிறி, ஒன்றுக்குப் போய்க்கொண்டே ஓடி, பலகை அடுக்குக்குக் கீழே புகுந்துகொண்டது. வெளியே இழுக்க அரைமணி நேரமானது. பயந்துவிட்டது, வேறொன்றுமில்லை என்று வார்னிஷ் சொன்னான். இவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டான். தன் காதிலும்தானே பதினான்கு வருஷமாக அடிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சுருட்டை சுவரை உரசிக்கொண்டே நடந்தது. சோறு வைத்தால் மோந்துவிட்டுப் போனது. தையல்காரி கவலைப்பட்டபோது, தலையில் நிறைய ஊற்றிவிட்டாய், தண்ணீர் இறங்கியிருக்கும், தானே சரியாகும் என்றான். வாயிலிருந்து அது சுலபமாக வந்தது. பயலும் அன்று அவன் மடியிலேயே கிடந்ததால் நாய் வந்து முட்டவேண்டிய அவசியம் வீட்டில் யாருக்கும் ஏற்படவில்லை.

திங்கட்கிழமை காலையில் தபால்காரர் வந்தார். நாலு வருஷமாக அவரைப் பார்த்து ஒருநாள் தவறாமல் குரைத்த சுருட்டை, வாசற்படியில் அவர் காலடியில் படுத்திருந்தது. தலை தூக்கவில்லை. உள்ளே ஒரு பிள்ளை தொண்டை கட்டி, குரலே வராமல், இழுத்து இழுத்து அழுவது அவருக்குக் கேட்டது. ஜன்னலில் தையல்காரி முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அவர் நாயைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். பயல் புரண்டதில் முழங்கால் தொட்டில் கம்பிகளுக்கு நடுவே மாட்டி, வீங்கி, வெளியே வராமல் இருந்தது. அழுது அழுது முகம் நீலம் பாரித்துவிட்டது. அந்தத் தொட்டிலைத் தச்சன்தான் தன் கையால் செய்திருந்தான். தபால்காரர் அவள் தோளைத் தொட்டார்.

செய்தி தெரிந்து தச்சன் பட்டறையிலிருந்து ஓடிவந்தபோது பயல் பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். முழங்காலில் ஒரு சிவந்த கோடு. தையல்காரி அழவில்லை. சுருட்டைக்குப் பின்னால் போய் நின்று தகர டப்பாவைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிற சத்தம் அவளுக்கும் கேட்காது, அதற்கும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு மட்டும்தான் கேட்டது. போதும் என்று அவள் கையைப் பிடித்தான்.

மறுநாள் மூன்று பேரும் ஒரு நாயுமாக மழையில் நனைந்துகொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா சின்ன வயது, பொறுமைசாலி. எனக்குக் கேட்காது, எல்லாத்தையும் என்னைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று தையல்காரி முதலிலேயே சொல்லிவிட்டாள். டாக்டரம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரே போட்டுக்கொண்டார். விளக்குக் குழாயை வைத்து இரண்டு காதையும் நெடுநேரம் பார்த்தார். பின்னால் நின்று கை தட்டினார், சாவிக்கொத்தை ஆட்டினார், இரும்புத் தட்டைக் கீழே போட்டார். பக்கத்து அறையில் ஒரு பூனை மிரண்டு கத்தியது. சுருட்டை மேஜைமேல் நின்று தையல்காரியின் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"நமக்குக் காது நேரா உள்ள போகும்மா. நாய்க்கு அப்படி இல்ல. முதல்ல கீழ இறங்கி, அப்புறம் உள்பக்கமா திரும்பும். உள்ள போனது லேசுல வெளிய வராது. குளிப்பாட்டும்போது தலையில ஊத்தக் கூடாது, காதைக் கையால பொத்திக்கணும். அப்புறம் மெல்லிசு துணியால கண்ணுக்குத் தெரியுற இடத்தை மட்டும் துடைக்கணும். அதுக்கு மேல நாம எதுவும் பண்ணக் கூடாது."

அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள். டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். வலது காது இன்று நேற்றுக் கெட்டதில்லை. குட்டியில் வந்த சொறியில் உள்ளே தடித்து, என்றைக்கோ அடைத்துப் போய்விட்டது. இத்தனை வருஷமும் இது இடது காது ஒன்றால்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல்தான் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடியிருக்கும். தச்சனுக்கு அந்தப் பிள்ளைகள் தலையைச் சாய்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. வலது காதில் காற்றடித்தபோது அது ஏன் பேசாமல் நின்றது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"இடது காதுல ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ரத்தம் கட்டியிருக்கு. உள்ள எதுவும் விட்டீங்களா? எண்ணெய், குச்சி? பக்கத்துல ஏதாவது வெடிச்சுதா?"

"குளிப்பாட்டினேன் டாக்டர். தலையிலதான் ஊத்தினேன்" என்றாள் தையல்காரி.

"தண்ணியால மட்டும் இப்படி ஆகாதே." டாக்டரம்மா தச்சன் பக்கம் திரும்பினார். "நீங்க எதுவும் பண்ணலையே?"

பயல் அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பயலின் போர்வையைச் சரிசெய்தான். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லவில்லை என்று பிற்பாடு நெடுநாள் அதையும் ஒரு நியாயமாக நினைத்துக்கொண்டிருந்தான், வெட்கக்கேடு.

டாக்டரம்மா சீட்டில் எழுதினார். தண்ணீர் இறங்கி, பழைய புண் கிளறியிருக்கலாம் என்று. ஜவ்வு ஆறு எட்டு வாரத்தில் கூடினாலும் கூடும், ஆனால் அதற்கும் உள்ளே இருக்கிற நரம்பு அடிபட்டிருந்தால் அது தேறாது, நம்பிக்கை கொடுக்க மனசு வரவில்லை என்றார். இனிமேல் பின்னாலிருந்து தொட்டால் மிரளும், தரையை மிதித்து அதிர்வு காட்டிவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும், கயிறில்லாமல் தெருவில் விடக்கூடாது, கை ஜாடையில் பழக்குங்கள், பழகிக்கொள்ளும் என்றார். போகும்போது பொதுவாக ஒன்று சொன்னார். நமக்குக் கேட்காத சன்னமான சத்தமெல்லாம் நாய்க்குக் கேட்குமாம். நமக்கு உஸ் என்று இருக்கிற காற்றுச் சத்தம் அதற்கு ஊசியாகக் குத்துமாம். தச்சன் மழையில் போய் நின்றுகொண்டான்.

அடுத்த நாலு நாள் அந்த வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்ல. தையல்காரி தொட்டிலை முன்னறைக்கு இழுத்து மெஷினுக்கு எதிரில் போட்டாள். ஊசி, கத்தரி, குண்டூசி எல்லாம் பயலின் கைக்கு எட்டும் இடம் அது. ஒரு தையல், ஒரு பார்வை, ஒரு தையல், ஒரு பார்வை என்று தைத்ததில் சீருடைக் கை இரண்டும் ஒரே பக்கம் வந்து உட்கார்ந்தது. இரண்டாம் நாள் ஊசி விரலில் ஏறியது. ராத்திரியில் பயலின் காலில் ஒரு நாடாவைக் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுத்தாள். அவன் காலை ஆட்டினாலெல்லாம் எழுந்தாள். அழும்போது சில சமயம் ஆட்டவே மாட்டான். வார்னிஷ் எங்கேயோ விசாரித்து, பிள்ளை அழுதால் விளக்கு எரிகிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அது மழைக்கு எரிந்தது, லாரிக்கு எரிந்தது, மெஷின் மிதித்தாலும் எரிந்தது. பயல் சிணுங்கினால் மட்டும் கல்லாக உட்கார்ந்திருந்தது.

சுருட்டைதான் எல்லாவற்றிலும் பாவம். முட்ட வேண்டியது தன் வேலை என்று அதற்குத் தெரியும், எப்போது என்றுதான் தெரியவில்லை. திடீரென்று தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்து அவள் காலை முட்டும். அவள் பதறிக்கொண்டு பார்ப்பாள், பயல் சிரித்துக்கொண்டிருப்பான். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. அதை அவள் ஒரு தடவையும் அதட்டவில்லை. நான் ஊற்றின தண்ணீர்தானே என்று அதன் தலையைத் தடவுவாள். தச்சன் அந்நேரம் வேறு எங்கேயாவது பார்ப்பான்.

தபால்காரருக்கு அக்காவின் தெருவும் சேர்த்துத்தான் வட்டம், செய்தி அங்கேயும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு பையோடு வந்து நின்றாள். சண்டை வரும் என்று தச்சன் எதிர்பார்த்தான். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான், சண்டையில் தன் வாயிலிருந்து அது விழுந்துவிடும் என்று. சண்டை வரவில்லை. தையல்காரி பயலின் துணிகளை முன்கூட்டியே மடித்து வைத்திருந்தாள்.

"என் கையாலதான் கெட்டுச்சு அண்ணி. தண்ணி ஊத்தக் கூடாதுன்னுகூடத் தெரியாத கை இது. இதை நம்பி உங்ககிட்ட எப்படி மல்லுக்கு நிப்பேன்?" என்றாள். குரல் தெருக்கோடிக்குக் கேட்டது.

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தச்சன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய் ஏற்றிவிட்டு வந்தான். சொல்லியிருக்க வேண்டும். பஸ் வர இருபது நிமிஷம் ஆனது, அக்காவிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வீடு ஓய்ந்துபோனது. தையல்காரி வேலையில் மும்முரமாக இறங்கினாள், பாக்கி இருந்த சீருடையெல்லாம் முடித்தாள். பால் கட்டி நெஞ்சு வலித்தபோது அடுப்படியில் போய் நின்று பிழிந்து ஊற்றிவிட்டு வந்தாள். அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும் தட்டில் வைத்துவிட்டு, தான் நாய்க்குச் சோறு பிசைந்து ஊட்டப் போய்விடுவாள். பட்டறையில் ஆறு மணிக்குக் குழாய் உஸ் என்றால் தச்சனுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அவன் காற்றடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டான். வார்னிஷ் இரண்டு நாள் பார்த்துவிட்டு, சொல்லிவிடப்பா, நானும்தானே குழாயை நீட்டினேன், வேண்டுமானால் நானும் வந்து நிற்கிறேன் என்றான். தச்சன் வேண்டாம் என்றுவிட்டான்.

பயல் போன ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவன் தூளோடு வாசலில் வந்து நின்றபோது தையல்காரி அவனை உள்ளே விடவில்லை. புருவத்திலெல்லாம் தூள். ஒரு பழந்துணியைக் கொண்டுவந்து அவன் தோளைத் தட்டிக்கொண்டே, கம்ப்ரசர் ரிப்பேரா, எட்டு நாளாக இப்படியே வருகிறீர்களே என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"முகத்தைக் காட்டிச் சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னான். பாதியில் உதடு கோணிக்கொண்டது. அவளுக்குப் பிடிபடவில்லை. வெளிச்சத்துக்கு வாருங்கள் என்று அவனைத் தெரு விளக்குக்குக் கீழே நகர்த்தி நிறுத்தினாள். மூன்றாவது தடவை அவன் வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, பட்டறையில் மெஷின் ஓடும்போது பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னான்.

"தண்ணியால இல்ல. நான்தான். பட்டறையில, காத்துக் குழாயை, காதுல வெச்சு, அடிச்சேன்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவுக்கே தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. துணி அவள் கையில் அப்படியே இருந்தது.

"கத்துச்சா?" என்று கேட்டாள்.

"கத்துச்சு."

"எப்படிக் கத்துச்சு?"

அவள் காத்திருந்தாள், அவன் வாயையே பார்த்துக்கொண்டு. பிறகு சொன்னாள்.

"நான் பண்ணின பாவம்னு பிள்ளையை என் கையாலேயே தூக்கிக் கொடுத்தேன். பக்கத்துல நின்னு பையைத் தூக்கிட்டுப் போனீங்க." அவள் துணியைக் கீழே போட்டாள். "வாங்க. அண்ணிகிட்டயும் இதே மாதிரி சொல்லுங்க. நான் பார்க்கணும்."

இரண்டு நிறுத்தத்தையும் நடந்தே போனார்கள். சுருட்டைக்குக் கயிறு போட்டு அவள் பிடித்துக்கொண்டாள். அவன் தூளோடேயே பின்னால் போனான்.

அக்கா வீட்டில் ரொட்டி வேகிற மணம். பயல் உள்ளறையில் தூங்குகிறான் என்றாள். தையல்காரி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவன் வாய் தெரிகிற மாதிரி எதிரில் உட்கார்ந்துகொண்டாள். அவன் சொன்னான். இந்தத் தடவை திக்காமல் வந்தது. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு வைதாள், பாருங்கள், அவன் சின்ன வயதிலிருந்து செய்த தப்பையெல்லாம் இழுத்துப் போட்டு வைதாள். நீ எல்லாம் ஒரு மனுஷனா, பிள்ளையைப் பெற்றவளைத் தலைகுனிய வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாயே என்றாள். தையல்காரி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இத்தனை நாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. அக்கா ஓய்ந்ததும் எழுந்து நின்றாள்.

"நான் கெடுக்கல அண்ணி. அப்ப பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்."

அக்கா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"நீ கெடுத்தேன்னு நான் என்னைக்குமே சொல்லலம்மா. யாரு கெடுத்தா என்ன, அதுக்குக் கேட்கலையே. அவன் அழுதா உனக்கு யாரு சொல்லுவா?"

தையல்காரி புருஷனைப் பார்த்தாள். நான் சொல்கிறேன், பட்டறையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறேன் என்றான் அவன்.

"நீயா?" என்றாள் அக்கா. "வந்ததுலேருந்து மூணு தடவை உன்னை உட்காருன்னு சொல்லிட்டேன்."

அவன் அப்போதுதான் தான் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தான். அக்கா மேலே ஏதோ சொல்ல வந்தவள், பாதிப் பேச்சிலேயே எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

தையல்காரி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"அழறானா?"

அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். அடுத்த அறைதான், கதவுகூடச் சாத்தியிருக்கவில்லை. அவன் காதில் வெறும் இரைச்சல்தான் இருந்தது. அவள் கண் எடுக்காமல் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலை" என்றான்.

அக்கா பயலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அவன் முகம் சிவந்து, கன்னமெல்லாம் நனைந்து, விம்மல் இன்னும் அடங்காமல் இருந்தது. கொஞ்ச நேரமாகவே அழுதிருக்கிறான். தையல்காரி கை நீட்டி வாங்கிக்கொண்டாள். முந்தானையால் ஒரு கன்னத்தைத் துடைத்தாள், மறு கன்னத்தைத் துடைத்தாள். விம்மல் நிற்கும் வரைக்கும் மார்போடு வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, அக்காவிடம் திருப்பிக் கொடுத்தாள்.